கேட்டுக்கொண்டவரும் பரிசோதித்தவரும்: சேதுநாட்டுப் புரவலர்களும் அச்சுப் பிழைதிருத்தமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புலகின் போக்கை ஆ.இரா. வேங்கடாசலபதி 'தி பிராவின்ஸ் ஆஃப் தி புக்' நூலில் ஒரு கைமாற்றமாக விளக்குகிறார். ஜமீன்களும் மடங்களும் புலவர்களைத் தாங்கிய காலம் தேய்ந்து, காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் நடுத்தர வர்க்கம் அந்த இடத்துக்கு வந்தது என்பது அவர் வாதம். அந்தப் பெரிய சித்திரத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அதில் புரவலர் முதன்மையாகப் பணம் கொடுப்பவராகவே நிற்கிறார் என்று படுகிறது. அந்தப் பணம் எதை வாங்கியது? காகிதத்தையும் மையையும் மட்டுமா? ராமநாதபுரத்தைப் பொறுத்தவரை, அது முதலில் வாங்கியது ஒரு தேர்ந்த கண்ணை என்பதே என் கட்சி.

1861இல் சென்னையில் அச்சான திருக்குறள் பரிமேலழகர் உரையின் முகப்பைப் பார்க்கலாம். இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுசாமித் தேவர் கேட்டுக்கொண்டவர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பரிசோதித்தவர். பொன்னுசாமித் தேவர் முத்துராமலிங்க சேதுபதியின் தமையன். சமஸ்தான நிர்வாகத்தைக் கவனித்தவர். நாவலரின் திருக்கோவையார் உரைப் பதிப்புக்குப் பின்னாலும் அவர் இருக்கிறார். இதை வெறும் முகமனாகத் தள்ளிவிடலாம். அக்கால முகப்புகளில் முகமனுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நூலை இயற்றியவர், உரை செய்தவர், அச்சுக்கூடம் என்று சொல்லி முடித்திருக்கக்கூடிய இடத்தில், சரிபார்த்தவருக்கென்று ஒரு தனி நாற்காலி போடப்பட்டிருக்கிறது.

அந்த வேலை எத்தகையது என்பது ஏடு பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓலையில் புள்ளி குத்தினால் நார் கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். 'எரி' என்று இருப்பது நெருப்பா நீர்நிலையா என்பதை இடம் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு கிடையாது. இந்த ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடம் முடிவு செய்வது ஒரு வேலை. ஈய எழுத்துக் கோத்துப் புரூஃப் எடுத்தபின், கோத்தவர் புகுத்திய புதுப் பிழைகளைக் களைவது இன்னொரு வேலை. இன்று பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துநர் என்று இரண்டு மேசைகளில் நடப்பவை அன்று ஒரே ஆளின் தலையில் விழுந்தன. நாவலர் அதற்குத் தயாரானவர். பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1849இல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நிறுவியவர்.

இங்கே ஒரு தடை எழும். சொந்த அச்சுக்கூடம் வைத்திருந்தவர் தேவர் கேட்காவிட்டாலும் இதே கவனத்தோடு பதிப்பித்திருப்பாரே? இருக்கலாம். ஆனால் 1868இல் வந்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தில் வெளியிட்டவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, பரிசோதித்தவர் நாவலர். ஏழே ஆண்டுகளில் இந்த வேலை பிறர் நூலுக்கும் நாடிப் பெறுகிற சேவையாகியிருக்கிறது. சந்தையை மட்டும் நம்பி வந்த மலிவான குஜிலிப் புத்தகங்களில் அதற்கு இடமிருக்கவில்லை; அவற்றின் பிழை மலிவு ஊரறிந்தது. வாசகர் கூட்டம் பெருகியதும் திருத்தமும் தானாகப் பெருகியது என்று கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் (தமிழில் சுகாத்தியர்) எதுகை மோனை சரியில்லை என்று கருதிய குறள்களைத் 'திருத்தி' அச்சிட்டார். தேவர் கிடைத்த படிகளையெல்லாம் விலைக்கு வாங்கி அழித்தார். எரித்தார் என்பாரும் உண்டு, புதைத்தார் என்பாரும் உண்டு. படிகளின் எண்ணிக்கையும் ஆண்டும் சொல்வோருக்குச் சொல்வோர் மாறுகின்றன. மேடைகளில் இது தமிழ்ப்பற்றுக் கதை. நான் இதை 1861 முகப்போடு சேர்த்துப் படிக்கிறேன். திருத்துபவருக்கு எல்லை எது என்ற கேள்வி அதில் இருக்கிறது: சுவடியில் உள்ளதை மீட்பது வேறு, தன் காதுக்கு இனியதைப் புகுத்துவது வேறு. ஒப்பிட்டுப் பார்க்கத் தந்தை பதிப்பிக்கச் செய்த பாடம் இருந்த வீட்டில் இந்தச் சினம் பிறந்தது தற்செயல் அல்ல. சான்று மெல்லியதுதான். ஆனாலும் பற்று மட்டுமே காரணம் என்னும் விளக்கத்துக்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது தனிப்பட்ட கொடை ஓர் அமைப்பாயிற்று. சங்கத்தின் 'செந்தமிழ்' இதழின் ஆசிரியப் பொறுப்பு முதலில் சேது சமஸ்தான வித்துவான் ரா. இராகவையங்காருக்கும், பின்னர் மு. இராகவையங்காருக்கும் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் சங்கத்தின் வெளியீடாக வந்தது. ஆயிரக்கணக்கான பெயர்கள் நிரம்பிய அகராதியில் ஓர் எழுத்துப் பிசகினாலும் தேடுபவருக்கு அந்தப் பெயர் அகப்படாது. எந்த வணிகப் பதிப்பாளரும் தயங்கும் வேலை அது. நடுத்தர வர்க்கச் சந்தை உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், திருத்தத்தின் செலவை ஜமீன் பணம் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே வேங்கடாசலபதி காட்டும் கைமாற்றம் நூலின் எல்லா உறுப்புகளிலும் ஒரே வேகத்தில் நிகழவில்லை.

பொன்னுசாமித் தேவர் புரூஃபைத் தாமே பார்த்தாரா என்பதை முகப்பு சொல்லாது. 1911இல் பாண்டித்துரைத் தேவர் மறைந்தபின் அந்தச் செலவு யார் கணக்கில் ஏறியது என்பதற்கு, சமஸ்தானக் கணக்கேடுகளைச் சங்கத்தின் ஆண்டறிக்கைகளோடு ஒத்துப் பார்த்தாக வேண்டும்.