ஓநாயின் பெயர் பெற்ற நோய்

நோய்களின் பெயர்களிலும் வரலாறு உறைந்து கிடப்பதுண்டு. 'லூபஸ்' என்பது இலத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல். ஓநாய் கடித்துக் குதறியது போல் முகத்தை அரித்த புண்களுக்கெல்லாம் இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் அப்பெயரை இட்டனர். அவற்றுட் பல தோலைப் பற்றிய காசநோயே என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

19-ஆம் நூற்றாண்டின் இடையில், வியன்னா நகரத்து ஹீப்ரா என்பார், மூக்கின் மீதும் இரு கன்னங்களின் மீதும் படரும் செந்நிறத் தடிப்பை வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். 1851-இல் பாரிஸ் மருத்துவர் கசனாவ் அந்நோயைத் தனியே பிரித்துப் பெயரிட்டார். ஆயினும் அவர்கள் கண்டது தோல் நோயையே. அது உள்ளுறுப்புகளையும் தாக்கி உயிரைக் கவர வல்லது என்று 1872-இல் எடுத்துரைத்தவர், ஹீப்ராவின் மருமகனாகிய கபோசி.

காரணம் மட்டும் புலப்படவில்லை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹார்கிரேவ்ஸும் அவர்தம் துணைவரும், ஒரு வெள்ளணு மற்றோர் அணுவின் உட்கருவை விழுங்கி நிற்பதைக் கண்டனர். நோயினின்று நம்மைக் காக்க வேண்டிய ஆற்றலே நம் உடலைப் பகையெனத் தாக்குகிறது என்ற உண்மைக்கு அக்காட்சி வழிகாட்டியது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இந்நோய்.

இந்நோயாளருள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இளமையிலேயே இது தோன்றுகிறது. ஐந்து வயதுக்கு முன் வருவது அரிது. பன்னிரண்டு வயதை ஒட்டிய பெண்களிடத்தே மிகுதி. விடாத காய்ச்சல், சோர்வு, மூட்டு வீக்கம், வாய்ப்புண், முடி உதிர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். பெரியோரைக் காட்டிலும் சிறுவரிடம் இது கடுமையாகவே நடக்கிறது. பாதிப்பேருக்கு மேல் சிறுநீரகம் தாக்குறுகிறது. முகமும் காலும் வீங்குவது அதன் குறி. சோர்ந்த பிள்ளையைச் சோம்பேறி என்று ஆசிரியர் கடிந்துகொண்டால், மருத்துவரிடம் செல்ல வேண்டிய நாட்கள் வீணே கழியும்.

1950-களில், இந்நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்தாண்டுக்குள் மாண்டனர். கார்ட்டிசோன் இனத்து மருந்துகளும், மலேரியாவுக்கென ஆக்கிய ஹைட்ராக்சிகுளோரோகுயினும், சிறுநீரகத்தைக் காக்கும் பிற மருந்துகளும் அந்நிலையை மாற்றின. பெலிமுமாப் என்னும் புது மருந்தைச் சிறுவர்க்கும் வழங்க 2019-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. நல்ல சிகிச்சை கிட்டும் இடங்களில் இன்று பத்துப் பிள்ளைகளுள் ஒன்பதின்மருக்கு மேல் ஐந்தாண்டைக் கடந்து வாழ்கின்றனர். நோய் முற்றும் நீங்குவதில்லை, அடங்கியிருக்கிறது.

அது அடங்கியிருக்க மருந்து இடைவிடாது வேண்டும். கார்ட்டிசோன் இன மருந்து முகத்தை உருண்டையாக்கும். தோழியரின் கேலிக்கு அஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்தும் சிறுமியர் உளர். அடங்கிய நோய் அப்போது மீண்டும் சீறி எழும். வெயிலும் இந்நோயைத் தூண்டும். ஆதலின் பெற்றோரே, ஆசிரியர்களே, இப்பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதீர். அவர்களைப் பிறர் எள்ளவும் விடாதீர். மருத்துவம் நூறாண்டு உழைத்துத் தேடிய பயனை அவர்கள் பெறுவதற்கு நம்மால் ஆகும் உதவி அது.