இல்லம் திரும்பிய நாட்டுப்பாடல்

நாட்டுப்பாடல் வீட்டில் பிறந்தது. தொட்டிலருகிலும் அடுப்படியிலும் வயல்வரப்பிலும் வளர்ந்தது. அதற்கு ஏடு இல்லை. பெரும்பாலும் இயற்றியவர் பெயரும் இல்லை. கேட்ட செவியும் கண்ட கண்ணுமே அதன் பள்ளிக்கூடம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வகைப் பாடல் இருபதாம் நூற்றாண்டில் வீட்டை விட்டு வெளியேறிற்று. இசைத்தட்டு, வானொலி, அரங்கு, வெள்ளித்திரை என்று உலா வந்து, இறுதியில் வீடியோ நாடாவின் வழியே மீண்டும் வீட்டுக்கூடத்தை வந்தடைந்தது. அந்நெடும் பயணத்தைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர்க்கு அதில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

மலையிலிருந்து மாநகருக்கு

ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் அயர்லாந்தியரும் அப்பலாச்சிய மலைநாட்டில் குடியேறியபோது, தம் பழைய கதைப்பாடல்களையும் பிடிலையும் உடன் கொண்டு வந்தனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் பாஞ்சோ என்னும் தந்திக் கருவியை அந்நாட்டிற்கு அளித்தனர். இவ்விரு மரபுகளும் கலந்து விளைந்ததே பிற்காலத்தில் 'கண்ட்ரி' எனப் பெயர் பெற்ற இசையாகும்.

1925 நவம்பர் 28-ஆம் நாள் நாஷ்வில் நகர வானொலி நிலையமொன்று நாட்டுப்புற இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கிற்று. 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பின்னர் புகழ்பெற்ற நிகழ்ச்சி அதுவே. 1927-ஆம் ஆண்டு கோடையில் விக்டர் நிறுவனத்தின் சார்பில் ரால்ப் பியர் என்பார் பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவு நடத்தினார். அங்கேதான் வர்ஜீனிய மலைப்புறத்துக் கார்ட்டர் குடும்பத்தாரும், மிசிசிப்பி மாநிலத்து ரயில் தொழிலாளியான ஜிம்மி ராஜர்ஸும் அக்கம்பெனிக்கு முதன்முதலாகப் பாடினர்.

பாட்டு இசைத்தட்டில் ஏறிய அதே காலத்தில் பாடியவர்களும் இடம்பெயர்ந்தனர். வேலை தேடி மலைநாட்டு மக்கள் டெட்ராய்ட் மோட்டார் தொழிற்சாலைகளுக்கும், சிகாகோ, சின்சினாட்டி முதலிய நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர். 1963-இல் பாபி பேர் பாடிப் புகழ்பெற்ற 'டெட்ராய்ட் சிட்டி' என்னும் பாடல், பகலில் மோட்டார் வண்டி செய்து இரவில் சொந்த ஊரை எண்ணி ஏங்கும் தொழிலாளியின் பாடலே. பிழைப்புக்கு ஓர் ஊர், நெஞ்சுக்கு ஓர் ஊர் என்னும் இரட்டை வாழ்வு நமக்கு மட்டுமே உரியதன்று.

கண்ணால் கேட்கும் பாட்டு

இசைத்தட்டு குரலைக் காத்தது. ஆனால் கையையும் முகத்தையும் அதனால் காக்க இயலவில்லை. அக்குறையைப் படச்சுருளே நீக்கிற்று. ஜிம்மி ராஜர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை இசைத்தட்டில் பாடிவிட்டு, 1933-இல் காசநோயால் தம் 35-ஆம் வயதில் மறைந்தார். அவர் பாடும் காட்சியாக நமக்கு எஞ்சியிருப்பதோ, 1929-இல் ரயில் நிலையப் பின்னணியில் எடுக்கப்பட்ட சுமார் பத்து நிமிடக் குறும்படமே. அதில் மூன்று பாடல்களைப் பாடுகிறார். அப்பத்து நிமிடமும் இல்லையேல், அவர் கிதாரைத் தாங்கும் பாங்கையும் பாடுகையில் முகம் மலரும் விதத்தையும் எவரும் அறிய வழியில்லை.

கை எத்துணை முக்கியம் என்பதற்கு எலிசபெத் காட்டன் அம்மையார் சான்று. வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி, இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கையருக்கென அமைந்த கிதாரைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே வாசிக்கக் கற்றார். ஆதலின் மற்றவர் கட்டை விரலால் மீட்டும் கீழ்ச்சுரங்களை இவர் மற்ற விரல்களால் மீட்டினார். இன்னிசையைக் கட்டை விரல் பாடியது. பின்னர்ப் பல்லாண்டுகள் கிதாரைத் தொடாமலே வாழ்ந்தார். சீகர் குடும்பத்தில் வீட்டுவேலை செய்து வந்தபோதுதான் அவர்தம் திறமை வெளிப்பட்டது. இசைத்தட்டை ஆயிரம் முறை கேட்டாலும் இவ்வாசிப்பின் நுட்பம் முழுதும் விளங்காது; திரையில் ஒருமுறை கண்டால் விளங்கிவிடும்.

அக்குடும்பத்தைச் சேர்ந்த பீட் சீகர் தம் அரசியல் கருத்துகளின் பொருட்டு அமெரிக்கப் பெருந்தொலைக்காட்சிகளால் நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டவர். 1965, 1966 ஆண்டுகளில் நியூ ஜெர்சியின் சிறு நிலையம் ஒன்றின் வாயிலாக 'ரெயின்போ குவெஸ்ட்' என்னும் நிகழ்ச்சியை 39 பகுதிகளாக அளித்தார். பகட்டான மேடையில்லை, கைதட்டும் கூட்டமில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுவர். பேச்சின் நடுவே பாடுவர். காட்டன் அம்மையாரும் அதில் வாசித்தார். 1928-இல் இசைத்தட்டில் பாடிவிட்டு உலகால் மறக்கப்பட்டு, 1963-இல் மீண்டும் கண்டறியப்பட்ட மிசிசிப்பி ஜான் ஹர்ட்டும் அதில் தோன்றினார். 1966 நவம்பரில் அவர் காலமானார். அன்று சிலரே கண்ட அந்நிகழ்ச்சி பிற்காலத்தில் வீடியோ வழியே எண்ணற்ற இல்லங்களை எட்டிற்று.

பாட்டு வாழ்வோடு பிணைந்திருப்பதைக் காட்டும் படங்களும் வந்தன. ஜான் கோஹன் 1963-இல் எடுத்த 'தி ஹை லோன்சம் சவுண்ட்', கென்டக்கித் தொழிலாளி ராஸ்கோ ஹால்கம்பின் பாட்டை அவருடைய ஊரோடும் உழைப்போடும் சேர்த்துக் காட்டுவது. பார்பரா கோப்பிள் எடுத்த 'ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.' 1976-இல் வெளிவந்து ஆஸ்கர் பரிசும் பெற்றது. அது நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றியது. 1931-ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது அதே வட்டாரத்தில் ஒரு போராட்டப் பாடலைப் புனைந்த புளோரன்ஸ் ரீஸ், நாற்பதாண்டுகளுக்குப் பின் முதுமைக் குரலில் அப்பாடலையே புதிய தலைமுறைக்குப் பாடிக் காட்டுவதை அப்படத்தில் காண்கிறோம். குரல் தளர்ந்திருக்கிறது, பாட்டு தளரவில்லை.

நாடாப் பெட்டியின் வருகை

1975-இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸும், 1976-இல் ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். முறையும் ஜப்பானில் அறிமுகமாயின. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்து கொள்வது குற்றமாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. அதுவரை திரையரங்கிலோ, ஒளிபரப்பும் நேரத்திலோ மட்டுமே காணக்கூடியதாயிருந்த இசையரங்கு, வேண்டும்போது காணும் பொருளாயிற்று.

இதனால் விளைந்த பெரும்பயன் பொழுதுபோக்கு மட்டுமன்று, கல்வியுமாகும். ஹேப்பி டிராம் 1967-இல் தொடங்கிய 'ஹோம்ஸ்பன்' நிறுவனம் முதலில் ஒலிநாடாவிலும் பின்னர் வீடியோவிலும் நாட்டுப்புறக் கருவியிசையைக் கற்பித்தது. ஸ்டீபன் கிராஸ்மன் பழைய கலைஞர்களின் படக்காட்சிகளைத் தேடித் தொகுத்து வெளியிட்டார். முன்பு பாட்டனார் திண்ணையில் அமர்ந்து கற்ற பேரன், இப்போது நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றி, காட்சியை நிறுத்தி, விரல் எங்கே நிற்கிறது என்று கண்டான். பாட்டனார் தவற்றைத் திருத்துவார், நாடா திருத்தாது என்பது மெய்யே. எனினும் பாட்டனார் இல்லாத ஊரில் நாடாவே துணை.

வீடு வராதவை

ஆயினும் பாடிய யாவும் வீடு வந்து சேரவில்லை. வீடியோ நாடா விலையுயர்ந்ததாயிருந்த காலத்தில் ஒளிபரப்பாளர் பலர் பழைய பதிவின்மேலேயே புதியதைப் பதிந்து, முன்னதை அழித்தனர். எஞ்சியவற்றிற்கோ உரிமைச் சிக்கல். ஒரு பாடலை வீடியோவில் விற்பதானால் இயற்றியவர், பாடியவர், படம் எடுத்தவர் எனப் பலரிடம் இசைவு பெறவேண்டும், பணமும் தரவேண்டும். ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1969 முதல் 1971 வரை 58 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று. 2007-இல் வெளிவந்த டி.வி.டி. தொகுப்போ தேர்ந்தெடுத்த பாடல்களைக் கொண்ட இரு தட்டுகளே.

இதற்கு மாறான வழியைக் காட்டியவர் ஆலன் லோமாக்ஸ். 1978 முதல் 1985 வரை அமெரிக்கத் தென்பகுதிகளில் சுற்றி, ஏறத்தாழ 400 மணி நேர வீடியோப் பதிவுகளைச் சேர்த்தார். புகழ்பெற்றவரை மட்டுமன்றி, வீட்டுத் தாழ்வாரத்தில் பாடும் எளியவரையும் படமெடுத்தார். 2002-இல் அவர் மறைந்தபின், அவர் நிறுவிய சங்கம் அப்பதிவுகளில் பலவற்றை இணையத்தின் வழியே எவரும் இலவசமாகக் காணுமாறு செய்துள்ளது. பாடியவரின் பேரப்பிள்ளைகள் எவ்வூரில் வாழினும் தம் முன்னோர் முகத்தைக் காணலாம்.

நமக்குரிய பாடம்

வீடியோ நாடாவின் காலமும் முடிந்துவிட்டது. வி.சி.ஆர். கருவிகளைத் தயாரித்து வந்த கடைசிப் பெரிய ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திற்று. காந்த நாடா என்றும் நிலைப்பதன்று; ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் பதிந்தவை மங்கும். நம் சங்க விழாக்களையும் இல்லத் திருமணங்களையும் பதிந்த பழைய காசெட்டுகள் எவர் அலமாரியிலேனும் உறங்கிக் கொண்டிருக்குமாயின், அவற்றைப் புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளக் காலம் தாழ்த்தலாகாது.

அதனினும் அவசரமானது மற்றொன்று. படமெடுக்கப்பட்ட பாட்டே பிழைத்தது என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது. இன்று கைப்பேசி உள்ள ஒவ்வொருவரிடமும் படக்கருவி உள்ளது. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் முதியோர்க்குத் தாலாட்டோ நடவுப்பாட்டோ கும்மியோ தெரிந்திருக்கும். குரலை மட்டும் பதியாமல் கையையும் முகத்தையும் சேர்த்துப் பதிவோம். எந்த ஊரில், எந்த வேலையின்போது, யாரிடம் கற்றது என்று கேட்டு அதையும் பதிவோம். மேடைக்குரிய குரல் இல்லையே என்று அவர்கள் கூசக்கூடும். புளோரன்ஸ் ரீஸின் குரலும் மேடைக்குரியதன்று. அப்பதிவைக் காணும் பேரக்குழந்தைக்குத் தமிழ் எழுத்து தெரியாமற் போகலாம். பாட்டியின் கைதட்டைப் பார்த்துத் தாளம் கற்றுக்கொள்ளும்.