கணக்கு முடித்துக் கரையேறுதல்

 

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் ஊர் வந்து, பின்னர் திரும்பிச் செல்லாமலேயே இருந்துவிடும் சகோதரர்கள் நம் கடற்கரை ஊர்களில் பலர் உள்ளனர். உடல்நலக் குறைவு, பெற்றோரின் முதுமை, பிள்ளைகளின் திருமணம், அங்கே சம்பளம் ஒழுங்காக வராமை எனக் காரணங்கள் பல. அவர்கள் ஊர் வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய பணி அனுமதி மட்டும் அந்நாட்டுப் பதிவேட்டில் ரத்தாகாமல் நிற்கிறது. சில ஆண்டுகள் கழித்து வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பழைய ஏடு குறுக்கே வந்து நிற்பது தெரிகிறது. இது இக்காலத்தில் தோன்றிய புதிய சங்கடம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். நம் முத்துக்குளித்துறையின் வரலாற்றைப் புரட்டினால், விடுகைச் சீட்டு இல்லாமல் பிரிந்தவர்கள் பட்ட துன்பம் மிகப் பழையது என்பது விளங்கும்.

முத்துக் கொட்டில் அன்றே முடிந்த கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தின் செழிப்பையும், அரபு நாடுகளிலிருந்து அங்கு வந்திறங்கிய குதிரைகளையும், இக்கடலின் முத்துக்குளிப்பையும் எழுதி வைத்துள்ளார். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் நடைபெற்ற முத்துக்குளிப்பில் முஸ்லிம்களும் பரதவர்களும் அருகருகே மூழ்கினர்.

ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில் ஒரு நடைமுறை இருந்தது. படகுகள் மாலையில் கரை சேர்ந்ததும் சிப்பிகள் யாவும் கொட்டு எனப்பட்ட அடைப்புக்குள் கொண்டு செல்லப்படும். மூழ்கியவர்கள் அவற்றை மூன்று குவியல்களாகப் பிரிப்பார்கள். எந்த இரண்டு குவியல்கள் அரசுக்கு என்பதை அதிகாரி சுட்டிக்காட்டுவார். எஞ்சிய ஒன்று மூழ்கியவர்களுக்கு. எது தமக்கு வரும் என்று முன்கூட்டியே தெரியாத காரணத்தால் மூன்றையும் சமமாகவே பிரிக்க வேண்டியிருந்தது. தம் பங்கைச் சுமந்துகொண்டு கொட்டின் வாயிலைக் கடந்தவருக்கு அன்றைய நாளின் கணக்கு அன்றே முடிந்தது. யாரும் யாருக்கும் பாக்கியில்லை. தூத்துக்குடிக் கரையில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் அந்தக் கொட்டின் ஒழுங்கை நாம் மறக்கலாகாது. ஏனெனில், கடல் கடந்து கூலிக்குச் சென்ற நம் மக்களுக்கு அத்தகைய தெளிவான கணக்கு வாய்க்கவில்லை.

இலங்கைத் தோட்டங்களின் துண்டு

1876-இல் இரயில் பாதை தூத்துக்குடியை எட்டியது. சென்னையிலிருந்து இரயிலில் வந்து, இங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு செல்வது முக்கியப் பயண வழியாயிற்று. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் ஆதிக்கத்தை எதிர்த்து 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இந்த வழியில்தான். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் அதில் பெரும் பங்குத்தொகை செலுத்தியதை நம் சமுதாயம் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கிறது.

அதே வழியில் தென் மாவட்டங்களின் ஏழை மக்கள் தேயிலைத் தோட்டக் கூலிகளாகச் சென்றனர். அவர்கள் தட்டப்பாறையில் அமைந்த தொற்றுத்தடுப்பு முகாமைக் கடந்தே கப்பலேறினர். தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு அவர்கள் கழுத்தில் தொங்கியது. போவதற்கு அடையாளம் இவ்வளவு எளிதாகக் கிடைத்தது. விலகுவதற்குரிய சீட்டோ அவ்வாறு கிடைக்கவில்லை.

அங்கே துண்டு என்றொரு முறை இருந்தது. கங்காணியும் அவருக்குக் கீழுள்ள கூலிகளும் பட்டிருக்கும் கடனை யாரேனும் செலுத்தினால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. மற்றொரு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி அவர்களைப் பெற்றுக்கொள்ளும். கடன் தீரவில்லை, கை மாறியது, கை மாறும்போதெல்லாம் வளர்ந்தது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது. விலகுகிறவருக்குத் தோட்டம் தரும் விடுகைச் சீட்டைத் தோட்ட மக்கள் 'பற்றுச்சீட்டு' என்று அழைத்தனர். அது கையில் இல்லாதவருக்கு அடுத்த தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிதாயிற்று. தோட்டத்தை விட்டு நடந்துவிடக் கால்கள் போதும். விலகியவர் என்று பெயர் பெறுவதற்குச் சீட்டு வேண்டியிருந்தது.

அரபுக் கரையின் பர்வா

வளைகுடாவின் அரபுக் கரையிலும் முத்துக்குளிப்பே அந்நாளில் பெரிய தொழில். பஹ்ரைன், குவைத், கத்தர் ஆகிய இடங்களில் மூழ்குவோர் நாகுதா எனப்படும் படகுத் தலைவரிடம் முன்பணம் பெற்றே பருவத்திற்குச் செல்வர். முன்பணம் தீராதவரை வேறு நாகுதாவின் படகில் ஏற முடியாது. கடன் நிலையைக் குறித்துப் பழைய நாகுதா எழுதித் தரும் காகிதத்திற்கு பர்வா என்று பெயர். எழுத்தறியாத மூழ்குவோரின் கணக்கை நாகுதா தன் விருப்பப்படி எழுதும் நிலை இருந்தமையால், 1920-களில் பஹ்ரைனில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் தர வேண்டுமென்ற சீர்திருத்தம் கொண்டுவரப்பட்டது. பின்னர் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையை நிறைத்தது, அரபுக் கரையின் முத்துத் தொழில் சரிந்தது, எண்ணெய் வந்தது. இன்று கஃபீல் என்றும் இக்காமா என்றும் நாம் பேசும் ஏற்பாட்டின் வேர்களில் ஒன்றை அந்த நாகுதாவின் ஏட்டில் காண்கிறவர்கள் உண்டு. மலைத்தோட்டத்தின் துண்டும் கடற்கரையின் பர்வாவும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் இரண்டும் செய்த வேலை ஒன்றே.

கதவு மூடிய கொழும்பு

நம் வணிகர்களுக்குக் கொழும்பு அயல்நாடாகத் தோன்றியதே இல்லை. புறக்கோட்டையில் 1908-இல் தொடங்கிக் கட்டப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், அங்கு வாழ்ந்த இந்திய முஸ்லிம் வணிகர்களின் முயற்சியில் எழுந்ததாகும். சிவப்பும் வெள்ளையுமான அதன் மினாராக்கள் இன்றும் அதற்குச் சாட்சி.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1948-ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பாட்டனார் காலத்திலிருந்து தடையின்றிப் போய்வந்த கடல்வழிக்கு விசாவும், தற்காலிக வதிவிட அனுமதியும் தேவைப்பட்டன. 1953-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், ஈட்டிய பொருளை ஊருக்கு அனுப்பவும் அரசின் அனுமதி வேண்டியதாயிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கை ஏற்பட்டு, இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியா திரும்பும் நிலை வந்தது. அதே ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

கடையின் கணக்கைப் பங்காளியுடன் முடித்து, எழுதி, சாட்சி வைத்துப் பிரிந்து வந்தவருக்கும், 'அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று வாய்ச்சொல்லோடு வந்தவருக்கும் அப்பொழுதுதான் வேறுபாடு தெரிந்தது. அனுமதி காலாவதியான பின் அடுத்த பயணம் என்பதே இல்லை. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புப் பயணக் கப்பல் மீண்டும் தொடங்கப்பட்டு, சில மாதங்களிலேயே நின்றுபோனதை நாம் அறிவோம். கடல்வழிகள் திறக்கும், மூடும். எழுதி முடித்த கணக்கு மட்டும் எப்போதும் துணை நிற்கும்.

காலாவதி வேறு, ரத்து வேறு

1970-களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் நம் இளைஞர்கள் கொழும்பை விட்டு வளைகுடாவை நோக்கினர். அங்கும் போவதற்குரிய ஏட்டை அக்கறையோடு பார்த்தவர்கள், வருவதற்குரிய ஏட்டைப் பார்க்கவில்லை.

சவூதி அரேபியாவிலிருந்து புறப்படுகிறவருக்கு இருவகை முத்திரைகள் உண்டு. போய்த் திரும்புவதற்கானது ஒன்று. குரூஜ் நிஹாயீ எனும் இறுதி வெளியேற்றம் மற்றொன்று. முதல் வகையில் வந்து, உரிய நாளுக்குள் திரும்பாதவர் 'வெளியேறினார், திரும்பவில்லை' என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டார். பழைய முதலாளியிடம் அன்றி வேறு வேலைக்கு மூன்று ஆண்டுகள் நுழைய முடியாத தடை அவர்களுக்கு இருந்தது; 2024 ஜனவரியில் அத்தடை நீக்கப்பட்டதாகச் செய்தி வெளியானது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே தங்குகிறவரின் வதிவிட உரிமை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, தானே இற்றுப்போகும். ஆனால் முதலாளி தொழில் அமைச்சகத்தில் பதிந்த பணி அனுமதி தனியே ரத்துச் செய்யப்பட வேண்டிய ஒன்று. இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பலரும் தடுக்கி விழும் இடம்.

இதனால் நேரும் இழப்புகள் மூன்று. முதலாவது, புதிய வேலைக்கான விண்ணப்பம் பழைய பதிவினால் தடைபடுகிறது. இரண்டாவது, திரும்பாதவரைப் பணியிலிருந்து ஓடியவர் என்று முறையிட முதலாளிக்கு வழி கிடைக்கிறது. மூன்றாவது, பணிக்கொடை கைவிட்டுப் போகிறது. சவூதித் தொழிற்சட்டப்படி முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளமும், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையாகும். தாமே விலகுகிறவருக்குப் பணிக்காலத்தைப் பொறுத்து இது குறையும். பணி முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் கோர வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. பதினைந்து ஆண்டுகள் உழைத்தவர் ஓர் ஆண்டு மௌனமாக இருந்தால் அந்த உழைப்பின் உரிமையே வலுவிழக்கிறது. அவர் மரணித்துவிட்டால் அது வாரிசுகளின் ஹக்கு என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

சீட்டின் மதிப்பை உணர்த்திய மற்றொரு நிகழ்வு 1990-இல் நடந்தது. ஆகஸ்ட் 2-இல் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது எதையும் முடித்துக்கொள்ளாமல் நம்மவர்கள் பாலைவனத்தைக் கடந்தனர். சுமார் 1,70,000 இந்தியர்கள் பெரும்பாலும் அம்மான் வழியாக விமானங்களில் அழைத்துவரப்பட்டனர். 1991-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறுவிய இழப்பீட்டு ஆணையம், வெளியேறிய தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 டாலர் என நிர்ணயித்தது. அதைப் பெறுவதற்கு வெளியேறியதைக் காட்டும் சான்று வேண்டியிருந்தது. உடைமைகளை இழந்தவர்களுக்கு, காத்து வைத்த காகிதமே கைகொடுத்தது.

மார்க்கம் காட்டும் வழி

அல்-மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஏவுகிறது. அல்-பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் தவணைக் கடனை எழுதி, சாட்சி வைக்கக் கற்பிக்கிறது. பிறநாட்டின் அனுமதி பெற்று நுழைகிறவர் அமான் எனும் உடன்பாட்டில் இருக்கிறார். அவர் அங்குள்ளோரின் பொருளில் மோசடி செய்யலாகாது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் தெளிவுபடுத்துகின்றன. இரு தரப்பும் இசைந்து ஒப்பந்தத்தைக் கலைப்பதற்கு இகாலா என்ற தனிப் பெயரே உண்டு. ஆக, பிரிவதற்கும் முறை உண்டு.

நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். கொல்லத் துணிந்த கூட்டம் வாசலில் நின்றது. அந்நிலையிலும் அம்மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். ஊரை விட்டு வெளியேறுவதும், அந்த ஊரின் கணக்கை முடிப்பதும் இருவேறு கடமைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முதலாளி அநியாயக்காரர் என்பதும் உண்மையாக இருக்கலாம். சம்பளம் தராமல், ரத்துப் பத்திரமும் தராமல் இழுத்தடிப்போர் உண்டு. அப்படியானால் சொல்லாமல் வருவது அவருடைய அநியாயத்திற்கு நாமே முத்திரை குத்துவதாகும். முறையிட்டு, எழுதி வைத்து, சாட்சியோடு வருவதே உரிமையைக் காக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

திரும்பிச் செல்லும் எண்ணம் இல்லாத சகோதரர்கள் புறப்படும் முன்பே பணி அனுமதி, வதிவிட அனுமதி இரண்டும் ரத்தான நகலையும், கணக்குத் தீர்ந்த கடிதத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டும். 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில், பெறாமல் கையொப்பமிடக் கூடாது. வங்கிக் கடன், கைப்பேசிக் கட்டணம், வாகன அபராதம் ஆகியவற்றைச் செலுத்தி இரசீது வாங்க வேண்டும். அவை வழக்காகியிருந்தால் விமான நிலையத்திலேயே தடுக்கப்பட நேரிடும்.

ஊர் வந்துவிட்டவர்கள் முதலாளிக்கு எழுத்து மூலம் விலகலைத் தெரிவித்து ரத்துச் செய்யக் கோரலாம். அங்குள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பலாம்; மார்க்கத்தில் வகாலத் என்பது இதுவே. பதில் வராவிட்டால் இந்தியத் தூதரகத்திற்கு எழுதலாம். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய 'மதத்' முறையீட்டுத் தளமும், சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் ஆணையரகமும் இதற்கென இருப்பவை. பழைய கடவுச்சீட்டு, இக்காமா நகல், சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒருபோதும் வீசிவிடாதீர்கள். அவை எங்கே இருக்கின்றன என்பதை வீட்டுப் பெண்களும் அறிந்திருக்கட்டும்.

முத்துக் கொட்டில் நம் முன்னோர் அன்றாடம் கணக்கு முடித்து, தம் பங்கைச் சுமந்து, தலைநிமிர்ந்து வாயிலைக் கடந்தனர். அயல்நாட்டில் வியர்வை சிந்திய நம் சகோதரர்களும் அவ்வாறே கரையேற வேண்டும். மனிதர்களின் கணக்கை இம்மையிலேயே நேர்செய்து, மறுமையின் கணக்கை இலேசாக்கிக்கொள்ளும் நல்லடியார்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.