வைரத்தில் வாங்கிய மாத்திரை: போட்ஸ்வானாவின் கதை

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் நீளமான த்ரெட். நைட் டியூட்டி முடிச்சுட்டு எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, கடலையே தொடாத நாடு போட்ஸ்வானா. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. மக்கள்தொகை 2001-ல் வெறும் 17 லட்சம். நிலத்தில் பெரும்பகுதி கலஹாரி வறள்நிலம். அந்த ஊர் நாணயத்தின் பேரே 'புலா'. செட்ஸ்வானா மொழியில் மழைன்னு அர்த்தம். இதுக்கு மேல என்ன சொல்ல!

வடமேற்கில் மட்டும் ஒகவாங்கோ டெல்டா. அங்கோலா மேட்டு நிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து வந்து, கடலுக்குப் போகாமல் மணலிலேயே பரவி வற்றிவிடும். உள்ளூரில் மழையே இல்லாத குளிர்காலத்தில்தான் அங்கே வெள்ளம். யானை, சிங்கம், படகுன்னு டிவியில் பார்த்திருப்பீங்க. அங்கதான் மனிதர்களுக்குத் தூக்க நோயைக் கொடுக்கும் செட்சி ஈயும் இருந்தது. 2001, 2002-ல் விமானத்திலிருந்து மருந்து தெளித்து அதை ஒழித்தார்கள்.

அதே வருடங்களில் நாட்டையே அழித்துக்கொண்டிருந்தது வேறொன்று.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னோக்கிப் போகணும். 1966 செப்டம்பர் 30-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. அப்போ நாடு முழுக்க இருந்த தார் ரோடு கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. முதல் ஜனாதிபதி செரெட்சே காமா. வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினதுக்காக பிரிட்டிஷ் அரசு சொந்த நாட்டுக்குள்ளேயே விடாத மனிதர். (அது தனி த்ரெட்டுக்கான கதை.) 1967-ல் ஓராபாவில் வைரம் கிடைத்தது. அந்தப் பணம் பெரும்பாலும் ரோடாகவும் ஸ்கூலாகவும் கிளினிக்காகவும் மாறியது. ஆப்பிரிக்காவில் இது அபூர்வம்.

அப்புறம் 1985-ல் முதல் எய்ட்ஸ் நோயாளி.

ஏன் இவ்வளவு வேகமா பரவுச்சுன்னா, காரணத்தில் ஒரு பங்கு அந்த நிலத்திலேயே இருக்கு. மழை நிச்சயமில்லாத ஊர். அதனால பாரம்பரியமா ஒரு குடும்பத்துக்கு மூணு இடம்: கிராமத்து வீடு, தூரத்தில் விளைநிலம், அதைவிடத் தூரத்தில் மாட்டுப்பட்டி. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். போதாததுக்கு ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனாங்க. வைரப் பணத்தில் வந்த நல்ல ரோடு இந்த அலைச்சலை இன்னும் எளிதாக்குச்சு. ஒழுக்கம் கெட்டதால வந்த நோய்னு சொல்றவங்களுக்காகத்தான் இதை விரிவா எழுதறேன்.

2000 வாக்கில் வயது வந்தவர்களில் நாலுல ஒருத்தருக்கு மேல எச்.ஐ.வி. 60-ஐத் தாண்டியிருந்த சராசரி ஆயுள் 50-க்கும் கீழே போனது. ஒரு தலைமுறை முன்னேற்றம் பத்து, பதினைஞ்சு வருஷத்தில் போச்சு.

அப்போதைய ஜனாதிபதி ஃபெஸ்டஸ் மொகாயே இதை மூடி மறைக்கலை. என் மக்கள் அழிந்துபோகும் அபாயத்தில் இருக்காங்கன்னு உலக மேடையிலேயே சொன்னார். 2002 ஜனவரியில், தலைநகர் காபரோனில் உள்ள பிரின்சஸ் மரீனா மருத்துவமனையில் 'மசா' திட்டம் ஆரம்பம். மசான்னா புது விடியல். ஏ.ஆர்.டி மாத்திரை எல்லாக் குடிமக்களுக்கும் இலவசம். இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி தொடங்கியது 2004 ஏப்ரலில்தான், அதுவும் நம்ம தாம்பரம் உட்பட 8 மையங்களில்.

இங்கதான் கதையின் முக்கியமான இடம். மாத்திரை இருந்தது, பணம் இருந்தது. ஆனா எதிர்பார்த்த கூட்டம் வரலை. வந்தவர்களில் பலர் படுத்த படுக்கையா, சிடி4 அதலபாதாளத்தில் இருக்கும்போதுதான் வந்தாங்க. டெஸ்ட் எடுக்கவே பயம். அந்த ரூமுக்குள்ள போறதைப் பார்த்தாலே ஊர் பேசும். இந்த பயத்தை நானும் என் ஓபியில் பார்க்கிறேன்.

2004-ல் விதியை மாத்தினாங்க. ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்தாலும், வேண்டாம்னு நோயாளி சொன்னாலொழிய, எச்.ஐ.வி டெஸ்ட்டும் வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று. தனி ரூம் தேடிப் போக வேண்டியதில்லை. மனித உரிமை என்ன ஆச்சுன்னு கடும் விமர்சனம் வந்தது. வெள்ளைக் கோட்டு போட்டவங்க முன்னாடி 'வேண்டாம்'னு சொல்ற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த முடிவு சரின்னுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். அந்த நாட்டில் மருத்துவக் கல்லூரி மாணவர்களைச் சேர்த்ததே 2009-ல்தான். அதுவரை உள்ளூரில் ஒரு டாக்டரைக்கூட உருவாக்க முடியலை. நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்து ஏ.ஆர்.டி எழுத வைத்தாங்க. கிராமத்துக்கு மாத்திரை போய்ச் சேர்ந்ததில் அவங்க பங்கு பெரிசு.

2021-ல், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டு வந்ததுக்காக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. எச்.ஐ.வி இவ்வளவு அதிகமுள்ள நாடுகளில் அதைப் பெற்ற முதல் நாடு. அதே வருட நவம்பரில் ஒமிக்ரானை முதலில் கண்டறிந்தவர்களில் காபரோன் எச்.ஐ.வி ஆய்வகமும் ஒன்று. அதுக்குப் பரிசா பணக்கார நாடுகள் கொடுத்தது பயணத் தடை.

இப்போ செயற்கை வைரம் சந்தைக்கு வந்து இயற்கை வைரத்தின் விலை சரிஞ்சிருக்கு. 2025 ஆகஸ்டில் பிரஷர், சுகர், கேன்சர் மருந்துகளே பற்றாக்குறையாகி, ஜனாதிபதி டூமா போகோ பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார். மருந்து விநியோகத்தைக் கண்காணிக்க ராணுவத்தை இறக்கினாங்க. ஏ.ஆர்.டி மாத்திரையை நிறுத்தினா சில வாரங்களில் வைரஸ் திரும்ப ஏறும். அந்த மாத்திரைக்கும் பெரும்பாலும் அதே கஜானாதான் பணம் தருது.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. தூங்கி எழுந்து பதில் போடறேன்.