கொடைக்கானலில் ஒரு முப்பது நாள்

கொடைக்கானல்னா எல்லாருக்கும் ஏரி, தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட். எனக்கு மட்டும் அந்த ஊர் சார்பதிவாளர் அலுவலகம்தான் ஞாபகம் வரும். காரணம் இரோம் ஷர்மிளா.

ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து மணிப்பூரில் 2000 நவம்பரில் உண்ணாவிரதம் ஆரம்பித்து, 2016 ஆகஸ்ட் 9 அன்று முடித்தவர். 2017 தேர்தலில் அவருக்கு விழுந்த ஓட்டு 90. (ஆமாங்க, தொண்ணூறுதான்.) அதுக்கப்புறம் கொடைக்கானல் வந்துட்டார். ஜூலை 12 அன்று, டெஸ்மண்ட் குட்டின்ஹோவைக் கல்யாணம் பண்ணிக்க மனு கொடுத்தார். அவர் பிரிட்டிஷ் குடிமகன், மதமும் வேற. அதனால 1954ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழேதான் பண்ண முடியும்.

இந்தச் சட்டப்படி ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கணும். மனு கொடுத்ததும் விவரத்தை எல்லார் கண்ணிலும் படுற மாதிரி அலுவலகத்தில் ஒட்டிடுவாங்க. 30 நாளுக்குள்ள யார் வேணா ஆட்சேபிக்கலாம். உறவா இருக்கணும்னுகூட அவசியமில்லை!

ஷர்மிளாவுக்கும் வந்தது. இவங்க இங்கேயே தங்கினா மலை மக்களோட அமைதி கெடும்னு உள்ளூர்க்காரர் ஒருத்தர் எழுதிக் கொடுத்தார். ஆனா சட்டம் ஒத்துக்கிற காரணங்கள் கொஞ்சம்தான். ஏற்கனவே கணவனோ மனைவியோ உயிரோட இருக்கிறது, மனநிலை, வயசு (ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18), கட்டக்கூடாத உறவு முறை. மலையோட அமைதி அதுல இல்லை. ஆட்சேபம் தள்ளுபடி ஆச்சு, ஆகஸ்ட் 17 அன்று கல்யாணம் நடந்தது.

இந்த நோட்டீஸுக்கு வயசு அதிகம். கேசவ சந்திர சென்னின் பிரம்ம சமாஜத்தார் கேட்டு வந்த 1872ஆம் வருஷத்து சட்டத்திலேயே 14 நாள் நோட்டீஸ் இருந்தது. நம்ம ஊர் சர்ச்சுகள்ல ஓலை வாசிப்பாங்களே, அந்தச் சாயல்தான். அதோட, நான் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவன் இல்லைன்னு கைப்பட உறுதி வேற கொடுக்கணும். 1954ல் அந்த உறுதிமொழி போச்சு. ஆனா 14 நாள் 30 ஆயிடுச்சு. என்ன கணக்கோ!

இதே தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்தைப் பாருங்க. செல்லாதுன்னு 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை, அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து மாத்தினாங்க. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினரோ நண்பர்களோ முன்னாடி மாலை மாத்தினா போதும், இல்லைன்னா மோதிரம், இல்லைன்னா தாலி. பதிவெல்லாம் அப்புறம்தான். நோட்டீஸே கிடையாது. ஆனா ரெண்டு பேருமே சட்டப்படி இந்துவா இருக்கணும்.

என் நண்பன் ஒருத்தன் விஷயத்தில், பலகையைப் பார்த்த யாரோ பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டுட்டாங்க. மீதி 19 நாள் அந்தப் பொண்ணு எங்க இருக்கான்னே தெரியலை. அவன் ராத்திரியெல்லாம் என் ரூம்லதான் உட்கார்ந்திருப்பான், சாப்பிடக்கூட மாட்டான். நல்லவேளை, கல்யாணத்தன்னிக்கு அவளே ஆட்டோல வந்து இறங்கினா.

நோட்டீஸ் ஒட்டணுமா வேணாமான்னு ஜோடியே முடிவு பண்ணட்டும்னு 2021ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் சொல்லிடுச்சு. நமக்கு அலகாபாத் தூரம். சட்டப் புத்தகத்தில் இன்னும் 30 நாள்தான். அப்புறம் மூணு சாட்சி வேணும். ஆள் குறைஞ்சா சொல்லுங்க, நான் வரேன் :)