பிறந்த தேதித் திருத்தம்

அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது, பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியைச் சரிபார்ப்பதும் என் வேலை. எங்கள் புதுச்சேரியில் 'எத்தா சிவில்' பதிவில் ஒரு தேதி இருக்கும், பள்ளிச் சான்றிதழில் வேறொன்று இருக்கும். சேர்க்கும்போது பெரியவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள்; பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் சீன ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை டோங் ஃபாங்சியாவோவின் கதை என் மனதில் தங்கிவிட்டது.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் சீனப் பெண்கள் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. அந்த ஆண்டுக்குள் 16 வயது நிறைய வேண்டும் என்பது விதி. டோங் பிறந்தது 20.1.1983 என்றது பதிவு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் போட்டி அலுவலராகப் பணிபுரிந்தபோது, அவருடைய அடையாள அட்டைப் பதிவில் இருந்த தேதி 23.1.1986. அப்படியானால் சிட்னியில் அவருக்கு வயது 14. 2010-இல் அந்தப் பதக்கம் அணியிடமிருந்து பறிக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போனது.

1976-இல் மொன்றேயாலில் நாடியா கொமனேச்சி முழுப் பத்து வாங்கியபோது அவருக்கும் 14 வயதுதான். அன்று அது விதிக்கு உட்பட்டது. வளரும் பிள்ளைகளின் உடம்பைக் காக்க வயது வரம்பு 1981-இல் 15 ஆகவும், 1997-இல் 16 ஆகவும் உயர்ந்தது. ஆனால் எடை குறைந்த சின்ன உடம்புதான் காற்றில் லேசாகச் சுழலும். எனவே சில நாடுகளில் பிள்ளை வளரும்வரை காத்திருக்கவில்லை, தேதியை வளர்த்தார்கள். ருமேனியாவின் டானியலா சிலிவாஷ், தன் பிறந்த ஆண்டு 1972-ஐ 1970 என்று மாற்றிவிட்டார்கள் என 2002-இல் சொன்னார். வட கொரியாவின் கிம் குவாங்-சுக்குக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வயது 15.

நடுவர்களின் பிழைக்கு வேறு நியாயம். 2004 ஏதென்ஸில் தென்கொரியாவின் யாங் டே-யங்கின் பாரலல் பார்ஸ் பயிற்சிக்குத் தொடக்க மதிப்பை 10 என்பதற்குப் பதில் 9.9 என்று போட்டுவிட்டார்கள். அவர் தங்கத்தை விட்டது 0.049 புள்ளியில். பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது, மூன்று நடுவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் ஆட்சேபணை உரிய நேரத்தில் வரவில்லை என்று பதக்கம் மாறவில்லை.

பெரியவர்கள் செய்த பிழை அன்றோடு முடிந்தது. 14 வயதுப் பெண்ணின் பெயரில் இருந்த பிழை பத்து வருஷம் கழித்தும் தேடி வந்தது.

எங்கள் பதிவேட்டில் ஒரு தேதியை அடித்துத் திருத்தினால், திருத்தியவர் பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். டோங்கின் தேதிக்குப் பக்கத்தில் யாருடைய ஒப்பமும் இல்லை.