துட்டும் கொக்கிஸும்

கொழும்பில், புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியில், ஓர் ஒல்லாந்தர் மாளிகை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. கவர்னர் தோமஸ் வான் ரே குடியிருந்தது. பின்பு மருத்துவமனை, தபால் நிலையம் என்று பல வேஷம் கட்டி ஆடிவிட்டு, 1982-ல் பொருட்காட்சிசாலை ஆயிற்று. யாழ்ப்பாணத்து நண்பர்கள் இருவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார்கள்.

கனத்த மர நாற்காலிகள், பீங்கான் தட்டுகள், கல்லறைப் பலகைகள் எல்லாவற்றையும் தாண்டி, செப்புக் காசுகளின் முன்னே நின்றுவிட்டேன். நாம் சொல்லும் 'துட்டு', ஒல்லாந்தரின் 'தொய்த்' என்ற காசின் பெயர்தான். 'கக்கூஸ்' என்பதும் அவர்கள் தந்த சொல்லே. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், காசும் கழிப்பிடமும் நம் வாயில் தங்கிவிட்டன!

வெளியே வந்ததும் நண்பர்கள் பலகாரக் கடைக்கு இழுத்துப் போனார்கள். முட்டையும் வெண்ணெயும் மணக்கும் புரூதர் வந்தது. அடுத்து வந்தது கொக்கிஸ். அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கரைத்து, பூ அச்சைத் தோய்த்து, எண்ணெயில் பொரித்தது.

"இது எங்கள் ஊர் அச்சு முறுக்கல்லவா?" என்றேன்.

"பேர் மட்டும் ஒல்லாந்து, அண்ணை" என்றார் நண்பர்.

எங்கள் காடாம்புலியூருக்குக் கிழக்கே, கடலூரை ஒட்டிக் கிடக்கிறது தேவனாம்பட்டினம். 1608-ல் செஞ்சி நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு ஒல்லாந்தர் அங்கே துணி வாங்க வந்தார்கள். துணியோடு நிற்கவில்லை. 1622, 1623 ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து 1,900 பேரை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கும்பினி அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். துட்டு போதவில்லையாம்!

1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை படையெடுப்பால் பாழ்பட்டபோது, சோற்றுக்கு வழியற்ற ஆயிரக்கணக்கானவர்களைக் கும்பினி வாங்கிற்று. அவர்களில் பெரும்பாலோர் வந்து இறங்கிய இடம் இதே இலங்கைத் தீவு.

நாற்காலிக்கும் பீங்கானுக்கும் பொருட்காட்சிசாலையில் இடம் உண்டு. இந்த மனிதர்கள் எதை விட்டுச் சென்றார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு? பெயர்கூட மிஞ்சவில்லை. கொக்கிஸின் பெயர் ஒல்லாந்தருடையது. மாவும் தேங்காய்ப் பாலும் இந்த மண்ணுடையவை. அந்தக் காலத்து ஒல்லாந்தர் வீடுகளில் எண்ணெய்ச் சட்டியின் முன்னே வெந்துகொண்டு நின்றவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? சரித்திரம் எழுதுகிறவர்கள் சமையற்கட்டுப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.